மரபணு மட்டும் போதுமா? மல்ட்டி-ஓமிக்ஸ் பற்றி ஓர் எளிய விளக்கம்

சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சென்ற மாதம் ஒரு காலை வேளையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தம் மகனிடம், “எங்க அப்பாவுக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. உனக்கு மட்டும் வராமயா போயிடும் கண்ணு?” என்றார். மகனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். “இப்பல்லாம் ஜீன் டெஸ்டுனு ஒன்னு இருக்குதுங்கப்பா. அத எடுத்துட்டா என்னென்ன நோய் வரும்னு மொத்தமா சொல்லிப்போடறாங்களாம்” என்று அவர் பதில் சொன்னார்.

ஒருவர் விதியென்று ஏற்றுக்கொள்கிறார். மற்றவர் அந்த விதியைக் காசு கொடுத்து முன்கூட்டியே படித்துவிடலாம் என்று நம்புகிறார். இருவர் பேச்சுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: நோய் முழுவதும் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்பது. செய்தித்தாள்களும் விளம்பரங்களும் இந்த எண்ணத்தை நாள்தோறும் வளர்த்துவருகின்றன. மருத்துவ ஆராய்ச்சியோ கடந்த இருபது ஆண்டுகளில் வேறு பாதையில் வெகுதூரம் போய்விட்டது. அந்தப் பாதைக்கு மல்ட்டி-ஓமிக்ஸ் என்று பெயர். பெயர் மிரட்டினாலும் விஷயம் அவ்வளவு கடினமானதன்று.

தறிவீட்டிலிருந்து தொடங்குவோம்

அம்மாப்பேட்டையிலோ இளம்பிள்ளையிலோ தறி ஓடும் வீட்டுக்குள் போனவர்கள் ஜக்கார்டு அட்டைகளைப் பார்த்திருப்பார்கள். ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுத் தறிக்கு மேலே மாலை போலத் தொங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி எழும்பிப் பாவு நூலைத் தூக்கும்; ஓட்டை இல்லாத இடத்தில் நூல் கீழேயே கிடக்கும். அந்த இடைவெளியில் ஊடை பாய்ந்து, அடுத்த அட்டை திரும்பும். புடவையில் மயிலும் மாங்காயும் விழுவது இந்த ஓட்டைகளின் வரிசையால்தான்.

அந்த வீட்டின் அட்டைக் கட்டுகளை மட்டும் உங்கள் கையில் கொடுத்து, இன்று இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எந்தெந்த டிசைன் இங்கே நெய்யக்கூடும் என்று சொல்லலாம். தறி ஓடுகிறதா, பாவு அறுந்து நிற்கிறதா, ஏற்றியிருப்பது பட்டா செயற்கை இழையா, ஆர்டர் வந்திருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குப் பரணிலிருந்து எந்தக் கட்டு இறக்கப்பட்டிருக்கிறது, எது கயிறு கட்டி ஒதுக்கப்பட்டிருக்கிறது, தறியில் எவ்வளவு துணி ஏறியிருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். சாயப்பட்டறைக்குப் பின்புறம் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இன்று எந்தச் சாயம் ஏறியது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அதுவும் ஒரு சான்றுதான்.

உடலும் இப்படித்தான். அட்டைக் கட்டு என்பது மரபணு; மற்றவை எல்லாம் அதன்மேல் அடுக்கடுக்காக நடப்பவை. இந்த உவமை ஓரிடத்தில் மட்டும் நொண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தறியில் நெய்த புடவை தறியை ஓட்டுவதில்லை. உடலிலோ மரபணுவைப் பார்த்து உருவாகும் புரதமே திரும்பிவந்து அடுத்து எந்த அட்டை ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. நெய்யப்பட்டதே நெசவாளராகவும் மாறிவிடுகிறது.

ஆறு அடுக்குகள்

நம் உடலின் செல்களுக்குள் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே வகை வேதி எழுத்துகள் சுமார் 300 கோடி முறை மாறி மாறி அமைந்த வரிசை அது. அந்த வரிசையில், ஒரு பொருளைச் செய்வதற்கான குறிப்பாக அமைந்த பகுதியை மரபணு என்கிறோம். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. எழுத்துகள் அனைத்தும் சேர்ந்த முழுத் தொகுதிக்கு ஜீனோம் என்று பெயர். 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம் 2003-இல் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டாலும், படிக்க முடியாமல் விடுபட்டிருந்த பகுதிகள் 2022-இல்தான் நிரப்பப்பட்டன.

இங்கே ‘ஓம்’ என்ற விகுதி முழுத் தொகுதியைக் குறிக்கிறது. ஒரு தொகுதியை மொத்தமாக அளந்து ஆராய்வது ‘ஓமிக்ஸ்’. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளை ஒரே மனிதரிடம் அளந்து சேர்த்துப் படிப்பது மல்ட்டி-ஓமிக்ஸ்.

இரண்டாவது அடுக்கு எபிஜீனோம். டி.என்.ஏ.வின் எழுத்தை மாற்றாமல், அதன்மேல் ஒட்டிக்கொண்டு இந்த மரபணுவைப் படி, அதைப் படிக்காதே என்று காட்டும் வேதி அடையாளங்களின் தொகுதி இது. கயிறு கட்டி ஒதுக்கிய அட்டைக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் கல்லீரலுக்கும் அட்டைகள் ஒன்றே; கட்டியிருக்கும் கயிறுகள்தான் வேறு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944-45-இல் நெதர்லாந்தின் ஒரு பகுதி கடும் பட்டினியில் சிக்கியது. அப்போது கருவாகியிருந்தவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சி தொடர்பான ஒரு மரபணுவின் மீதிருந்த இந்த அடையாளங்கள், அதே பெற்றோருக்குப் பிறந்த மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாக இருந்தன. தாயின் பட்டினி குழந்தையின் உடலில் அறுபது ஆண்டு தங்கியிருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மூன்றாவது டிரான்ஸ்கிரிப்டோம். மூல டி.என்.ஏ. செல்லின் உட்கருவை விட்டு வெளியே வராது. தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்ற நகலாகப் படியெடுக்கப்படும். ஒரு செல்லில் ஒரு நேரத்தில் இருக்கும் அத்தனை நகல்களும் சேர்ந்தது இந்தத் தொகுதி. எந்த மரபணு இப்போது வேலையில் இருக்கிறது என்பதை இது காட்டும்.

நான்காவது, அந்த நகல்களைப் படித்துச் செய்யப்படும் புரதங்களின் தொகுதியான புரோட்டியோம். ஐந்தாவது மெட்டபோலோம்: சர்க்கரை, கொழுப்பு, யூரிக் அமிலம் போன்று உடலின் வேதிவினைகளில் நுழைந்து வெளியேறும் சிறு மூலக்கூறுகளின் தொகுதி. சாயத் தண்ணீரின் நிறத்துக்கு ஒப்பானது இது. ஆறாவது மைக்ரோபயோம், நம் குடலிலும் தோலிலும் வாழும் நுண்ணுயிர்களையும் அவற்றின் மரபணுக்களையும் சேர்த்து இப்படிச் சொல்கிறோம்.

இதுவரை பார்த்ததை ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். ஜீனோம் பிறப்பிலிருந்து பெரும்பாலும் மாறாது. எபிஜீனோம் ஆண்டுக்கணக்கில் மாறும். நகல்களும் புரதங்களும் நாளுக்கு நாள், சில சமயம் மணிக்கு மணி மாறும். சிறு மூலக்கூறுகள் ஒரு தம்ளர் காபியிலேயே மாறிவிடும்.

ஏற்காட்டுக் காபி உடலுக்குள் என்ன ஆகிறது?

ஒரு தம்ளர் காபி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காபி பயிரிடத் தொடங்கியதிலிருந்து, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியும் அதன் நிழலில் காபிச் செடியுமாக ஏற்காடு நமக்குப் பழகிவிட்டது. அந்தக் கொட்டையில் உள்ள காஃபின் உடலுக்குள் படும் பாட்டைப் பின்தொடர்ந்தாலே மல்ட்டி-ஓமிக்ஸின் சாரம் பிடிபட்டுவிடும்.

காஃபினின் பெரும்பகுதியைக் கல்லீரலில் இருக்கும் ஒரே ஒரு புரதம்தான் சிதைக்கிறது. அதன் பெயர் சி.ஒய்.பி.1ஏ2. சராசரியாக ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள காஃபினில் பாதி போய்விடும். அதாவது மாலை 4 மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் பாதி, இரவு 9 மணிக்கும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் சராசரி என்பது எல்லாருக்கும் பொருந்துவதில்லை. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஆளுக்கு ஆள் சிறு எழுத்து வேறுபாடுகள் உண்டு. அதனால் சிலர் சற்று வேகமாகவும் சிலர் மெதுவாகவும் காஃபினைச் சிதைக்கிறார்கள். ஜீன் டெஸ்டு விற்பவர்கள் சொல்வது இந்த ஒரு செய்தியைத்தான். ஒருவர் பீடியோ சிகரெட்டோ பிடிப்பவராக இருந்தால், புகையில் உள்ள வேதிப்பொருள்கள் இந்த மரபணுவைத் தூண்டி நகல்களை மிகுதியாக எடுக்கவைக்கின்றன. நகல் கூடுகிறது, புரதம் கூடுகிறது, காஃபின் ஏறத்தாழப் பாதி நேரத்திலேயே சிதைகிறது. இத்தனைக்கும் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இதற்கு நேர்மாறாக, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்தப் புரதத்தின் வேலை மிகவும் மந்தமாகி, காஃபின் பாதியாகக் குறைய 15 மணி நேரம் வரைகூட ஆகிறது. எட்டு மாதக் கர்ப்பிணியின் மரபணுச் சோதனையில் ‘வேகமாகச் சிதைப்பவர்’ என்று எழுதியிருக்கலாம். அன்று மாலை குடித்த காபியோ மறுநாள் காலைவரை அவரை விட்டுப் போகாது.

இதை அளக்க வழி இருக்கிறது. காஃபின் சிதைந்தால் பாராக்சாந்தின் என்ற பொருள் உண்டாகும். ரத்தத்திலோ உமிழ்நீரிலோ இவ்விரண்டின் விகிதத்தைப் பார்த்தால், அந்தப் புரதம் அந்த மனிதரிடம் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். மரபணு சொல்லாததைச் சாயத் தண்ணீர் சொல்லிவிடுகிறது.

நுண்ணுயிர் அடுக்கும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறத்தாழ 22,800 பேரின் குடல் நுண்ணுயிர்களையும் உணவுப் பழக்கத்தையும் ஒப்பிட்டார்கள். காபி குடிப்பவர்களின் குடலில் லாசோனிபாக்டர் என்ற ஒரு பாக்டீரியா குடிக்காதவர்களைவிட வெகுவாக மிகுந்திருந்தது. சோதனைக் குழாயில் காபி சேர்த்தபோதும் அது செழித்தது.

காபி விளையாட்டான எடுத்துக்காட்டு என்று தோன்றினால், அதே புரதம் சிதைக்கும் மருந்துகளை நினைத்துப்பாருங்கள். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலினும், மனச்சிதைவு நோய்க்குத் தரும் குளோசபினும் அந்த வகை. நெடுநாள் புகைத்தவர் புகையை விட்டுவிட்டால், அதே அளவு மருந்து ரத்தத்தில் மிகுதியாகத் தேங்கி நஞ்சாகலாம் என்பதால் மருத்துவர்கள் அளவைத் திருத்துகிறார்கள். புகையை விட்டது நல்ல செய்தி. அதை மருத்துவரிடம் சொல்லாமல் இருப்பது ஆபத்து.

தம்மையே அளந்துகொண்ட அறிவியலாளர்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்னைடர், ஏறத்தாழ 14 மாதங்கள் தம் ரத்தத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஜீனோமோடு ஆர்.என்.ஏ. நகல்கள், புரதங்கள், சிறு மூலக்கூறுகள் எல்லாவற்றையும் அளந்து 2012-இல் வெளியிட்டார். ஒரே மனிதரை இத்தனை அடுக்குகளில் இவ்வளவு காலம் பின்தொடர்ந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

அவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று அவருடைய ஜீனோம் காட்டியது. அவர் பருமனானவர் அல்லர். அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆய்வின் நடுவில் அவருக்குச் சளிக் காய்ச்சல் போன்ற ஒரு வைரஸ் தொற்று வந்தது. அதை அடுத்து அவர் ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கியது. ஏறிய சர்க்கரை தொற்று போன பிறகும் இறங்கவில்லை. சர்க்கரை நோய் என்று உறுதியாயிற்று. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டபின், சில மாதங்களில் அளவு இயல்புக்குத் திரும்பியது.

இது ஒரே ஒருவரின் கதை. தொற்றுதான் நோயை வரவழைத்தது என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆயினும் எந்த அடுக்கு எதைச் சொன்னது என்று பாருங்கள். வரலாம் என்று சொன்னது ஜீனோம். எப்போது வருகிறது, உடலுக்குள் என்ன மாறும்போது வருகிறது என்று சொன்னவை மற்ற அடுக்குகள். வந்தது போகவும் கூடும் என்று காட்டியதும் அவைதான். அந்த 14 மாதங்களில் அவர் ஜீனோம் மாறவே இல்லை. ஐந்து ரோட்டில் காத்திருந்த தந்தை இந்தக் கதையைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

நம் வீட்டுக் கோப்பில் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டு

இவையெல்லாம் தொலைதூர ஆய்வகங்களின் செய்தி என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. அவர்களில் பலருடைய கோப்பில் எச்.பி.ஏ.1.சி. என்ற எண் இருக்கும். மூன்று மாதச் சராசரி என்று பேச்சில் சொல்வார்கள். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிர்வாழும். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலை தெரியும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: சிவப்பணு வழக்கமான நாள்கள் வாழ்ந்திருக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவரிடம் இந்த எண் உண்மையைவிடக் கூடிக் காட்டலாம். சிவப்பணு சீக்கிரம் அழியும் பரம்பரைக் குறைபாடு உள்ளவரிடம், ஒட்டுவதற்குப் போதிய நாள் கிடைக்காமல், குறைத்துக் காட்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படியானால் ஒரு பெண்ணின் எச்.பி.ஏ.1.சி. எண்ணை, ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் படிப்பது எவ்வளவு பிழையாக முடியக்கூடும்!

கவனமான மருத்துவர் இவ்விரண்டையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு சேர்த்துப் பார்க்கும்போது, கையளவு எண்களைக் கொண்டு அவர் செய்வதும் மல்ட்டி-ஓமிக்ஸின் முறையேதான். ஆய்வகத்தில் எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். கேட்கும் கேள்வி ஒன்றே.

சேர்த்துப் படிப்பதில் எங்கே சறுக்கும்?

அளவுகள் பெருகினால் அறிவும் பெருகும் என்பது உறுதியில்லை. ஐம்பது நோயாளிகளையும் ஐம்பது நலமானவர்களையும் எடுத்து, 20,000 மரபணுக்களின் நகல்களை அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்றால் போதும் என்று அளவுகோல் வைத்தால், நோய்க்குச் சற்றும் தொடர்பில்லாத மரபணுக்களில் ஆயிரம், வெறும் தற்செயலால் தொடர்புடையவைபோலத் தோன்றும். அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘நோய்க்கான மரபணு கண்டுபிடிப்பு’ என்று தலைப்புச் செய்தி போட்டுவிடலாம். அதனால்தான் அளவுகோலைக் கடுமையாக்குவதும், வேறொரு கூட்டத்து மக்களிடம் மறுபடி சோதிப்பதும் கட்டாயம். பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் ஐந்து லட்சம் தன்னார்வலர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்வது இந்தக் காரணத்தால்தான்.

ரத்தம் எடுத்த பிறகு நடப்பதும் முடிவை மாற்றும். குழாயில் அடைத்த பின்னும் செல்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். அதைத் தடுக்கும் ஃபுளோரைடு உப்பு போட்ட குழாய்க்குத்தான் சாம்பல் நிற மூடி. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு வரும் மாதிரியும், ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் எடுத்த மாதிரியும் வேறுபட்டால், அந்த வேறுபாடு மலையில் வாழ்வதால் வந்ததா, வழியில் ஆன நேரத்தால் வந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல், எது காரணம் எது விளைவு என்பது. நோயாளியின் ரத்தத்தில் ஒரு புரதம் கூடியிருந்தால், அதனால் நோய் வந்ததா, நோயால் அது கூடியதா? இங்கேதான் அடுக்குகளைச் சேர்த்துப் படிப்பதன் உண்மையான வலிமை வெளிப்படுகிறது. மரபணு பிறக்கும்போதே அமைந்துவிடுவதால் நோய் அதை மாற்றியிருக்க முடியாது. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு பிறப்பிலேயே பழுதுபட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். குறைவாக இருப்பதும், மாரடைப்பும் அவர்களிடம் குறைவாக இருப்பதும் 2006-க்குள் தெரியவந்தன. எனவே அந்தப் புரதத்தைத் தடுத்தால் நன்மை உண்டு என்று துணிந்து மருந்து தேடினார்கள். 2015-இல் அந்த வகை மருந்துகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. மரபணு, புரதம், கொழுப்பு என மூன்று அடுக்கும் ஒரே திசையைக் காட்டியதால் வந்த மருந்து அது.

யாருடைய ரத்தம்?

உலகில் இதுவரை சேர்ந்த ஜீனோம் தரவின் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களுடையது. அவர்களைக் கொண்டு வகுத்த ஆபத்துக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிப்பதால், ஒவ்வொரு சமூகத்திலும் சில அரிய மரபணு வேறுபாடுகள் தேங்கியிருக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம், 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் ஜீனோமைப் படித்து, அந்தத் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இது முதல் அடுக்குதான். இதே மக்களின் புரதங்களும் சிறு மூலக்கூறுகளும் நுண்ணுயிர்களும் அளக்கப்படும்போதுதான், ஒல்லியானவர்களுக்கும் இளம் வயதினருக்கும் இங்கே ஏன் இவ்வளவு சர்க்கரை நோய் என்ற கேள்விக்கு நம் உடலிலிருந்தே விடை தேட முடியும்.

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரிடமோ கீழே தறியில் உட்கார்ந்திருப்பவரிடமோ நாளை யாராவது ரத்தம் கேட்டு வந்தால், எதற்காக எடுக்கிறோம், யார் வைத்திருப்பார்கள், முடிவை எப்போது திருப்பிச் சொல்வோம் என்று அவர்களுக்குப் புரியும் தமிழில் சொன்ன பிறகே ஊசியை எடுக்க வேண்டும். கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது.

அன்று ஐந்து ரோட்டில் பெயர் அழைத்ததும் மகன் எழுந்து உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. சாம்பல் மூடிக் குழாய் ஒன்றும் ஊதா மூடிக் குழாய் ஒன்றும் நிரம்பின; எடுத்தவர் ஊதா மூடிக் குழாயை மெதுவாக நாலைந்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தித் தாங்கியில் வைத்தார். அந்தக் குழாயின் வெள்ளணுக்களுக்குள் தாத்தாவிடமிருந்து வந்த எழுத்துகள் இருந்தன. சிவப்பணுக்களில் போன மூன்று மாதங்களின் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவற்றைச் சுற்றியிருந்த வெளிர்மஞ்சள் நீரில், நேற்றிரவு அவர் சாப்பிட்டதன் மிச்சமும் இன்று காலை அவர் வெறும் வயிற்றோடு நடந்து வந்ததன் தடமும் கலந்திருந்தன.